கிளச்சக்காவின் முதல் வேலை

"கிளச்சு! கிளச்சை மிதிங்க!" என்று அவள் போடும் சத்தம் கடைத்தெருவின் இரண்டு முனைக்கும் கேட்கும். கத்திக் கத்தியே ஊரில் அவளுக்குக் கிளச்சக்கா என்று பேராகிவிட்டது. கார் ஓட்டப் பழக்கும் பள்ளி ஒன்றை நடத்தினாள். பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அறை, சுவரில் சாலைக் குறிகள் போட்ட படம், வாசலில் இரண்டு பக்கமும் மிதி வைத்த பழைய கார். ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டக் கற்றவர்கள்.

அப்படிப்பட்டவள் நகரசபைத் தலைவர் தேர்தலில் நின்றதற்குக் கொள்கை கோட்பாடு எதுவும் காரணமில்லை. வாய்தான் காரணம். பள்ளிக்கூட முனையில் லாரி இடித்துச் சாய்த்த 'நில்' பலகையைத் திரும்ப நடச் சொல்லி நகரசபை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ஒருநாள் குமாஸ்தா பொறுமை இழந்து, "இவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே வந்து தலைவர் நாற்காலியில உக்காருங்களேன்" என்று சொல்லிவிட்டார். வேறொருத்தி என்றால் முகம் சிவக்கத் திரும்பியிருப்பாள். இவள், "அதுக்கு எங்க மனு கொடுக்கணும்?" என்று கேட்டாள். குமாஸ்தா விளையாட்டுக்குக் கையைக் காட்டினார். இவள் வினையாகவே அந்தப் பக்கம் போய்விட்டாள்.

சும்மா உட்காரத் தெரியாதவள். சாப்பிடும்போதுகூடப் பாதியில் எழுந்து ஜன்னலை ஒருதரம் பார்த்துவிட்டு வருவாள். ஊரும் அவளைப் போலவே நிலைகொள்ளாமல் இருந்தது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து வெற்று நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடியாகி, பழைய ஊரைவிடப் பெரிதாக ஒரு புதுக் காலனி முளைத்துவிட்டது. நேற்றுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இன்று ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள்.

பிரசாரத்துக்கென்று அவள் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. பாடம் நடக்கும்போதே அதுவும் நடந்தது. அன்று காலை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஜவுளிக்கடைக்காரர். ஐம்பது தாண்டிய பிறகு கார் ஆசை வந்தவர். வெள்ளத்தில் போகிறவன் மரக்கிளையைப் பிடிக்கிற மாதிரி ஸ்டியரிங்கைப் பிடிப்பார்.

"நீங்க ஜெயிச்சு வந்தா முதல் வேலை என்னங்க செய்வீங்க?" என்று கேட்டார்.

"உங்க கடை வாசல்ல சாக்கடை பொங்குதே, அதை மூடுறதுதான். வேற என்ன?"

"நிஜமாவா? வர்ற ஆளுங்க துணியைத் தொட்டுப் பார்க்கிறதுக்கு முன்னாடி மூக்கைத்தான் தொடுறாங்க."

"முதல் வேலையே அதுதான். ரோட்டைப் பாருங்க, என் மூஞ்சியில என்ன இருக்கு?"

சந்தோஷத்தில் அவர் கிளச்சை விட்டுவிட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அதே காலையில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை விட வந்த தாய்மார்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தத் தெரு வழியாக லாரிகள் போகிற வேகத்தைப் பார்த்தால் பெற்ற வயிறு பற்றியெரிகிறது என்றார்கள். "லாரியை வெளியே திருப்பி விடுறதுதான் என் முதல் வேலை" என்று வாக்குக் கொடுத்தாள்.

அங்கிருந்து நேராகப் புதுக் காலனியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடி. படிக்கட்டில் ஒரு படிக்கு ஒன்றாகத் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. ஆள் ஏற வேண்டுமானால் ஒரு காலைத் தூக்கி, உடம்பைச் சாய்த்து, சுவரைப் பிடித்து ஏற வேண்டும். தங்கச்சி ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்ப்பவள். முழங்கைவரை ஈரமாகக் கதவைத் திறந்தாள்.

"தண்ணி லாரி இப்பத்தான் வந்துட்டுப் போச்சு. பிடிக்கிறதுக்குள்ள பிராணன் போயிடுச்சு. நான் குளிக்கிறதுக்கு ஆஸ்பத்திரியில லீவு கேக்கணும் போல இருக்குக்கா. வீடு வாங்குறப்போ குழாயைக் காட்டினாங்க. பளபளன்னு இருந்துச்சு. இன்னிக்கும் பளபளன்னுதான் இருக்கு, ஈரம் பட்டாத்தானே கறை படியும்!"

"நான் வந்தா உனக்கு முதல் வேலையா தண்ணி வரும்டி."

"எங்க பிளாக்குக்காரங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."

கீழே இறங்கி அவர்களிடமும் சொன்னாள். ஒருத்தர் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. எந்த வாசலில் நிற்கிறாளோ அந்த வாசலின் கஷ்டம் அவளைப் பிடித்துக்கொள்ளும். வாயிலிருந்து வருகிற வார்த்தையை அந்த நிமிஷம் முழுசாக நம்பினாள். அடுத்த வாசலில் அடுத்த கஷ்டம் வந்து பிடித்துக்கொள்ளும். ஒரு வாய்க்கு எத்தனை முதல் வேலை என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

ஊர் எண்ணிப் பார்த்தது. யாரோ ஒரு புண்ணியவான் கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், காலனி என்று அங்கங்கே அவள் குரலைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிட்டான். "முதல் வேலை சாக்கடை... முதல் வேலை லாரி... முதல் வேலை தண்ணி." முடிவில் பழைய கார் குலுங்கி நிற்கிற சத்தத்தையும் சேர்த்திருந்தான். டீக்கடையில் அவளைக் கண்டதும், "அக்கா, டீ போடுறதா, முதல் வேலையா காசை வாங்குறதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த வாய் வீட்டுக்கு வரும்வரை மூடவில்லை, வந்த பிறகு திறக்கவில்லை.

தங்கச்சி போனில் வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"நீ எனக்கு அக்காவா, இல்ல ஓட்டுக் கேட்டு வந்த ஆளா? அதை மட்டும் சொல்லிடு."

"ஏன்டி இப்படிப் பேசுற?"

"ஊர்க்காரங்களுக்குச் சொல்ற மாதிரியே எனக்கும் சொல்லிட்டுப் போயிருக்கே. எங்க பிளாக்குல எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்கக்கா. எங்கே போய் மூஞ்சியை வச்சுக்கிறது?"

போன் வைக்கப்பட்டது. அவள் அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். பலகையில் எழுதியிருந்த பாட நேரத்தை அழித்தாள், திரும்ப எழுதினாள். சுவர்ப் படத்தில் குறுக்குச் சாலையின் குறியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நகரசபையில் தண்ணீர்ப் பகுதியைப் பார்க்கிற இன்ஜினியர் மேஜையிலேயே டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் அவளிடம் கார் ஓட்டப் பழகியவர்தான். அவளைக் கண்டதும் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உக்காருங்க மேடம்."

"நிக்கிறேன், பரவாயில்ல. காலனிக்கு எப்பத் தண்ணி விட முடியும்? ஓட்டுக்காகக் கேக்கல. உள்ளதைச் சொல்லுங்க."

அவர் சுவரில் ஒட்டியிருந்த குழாய் வரைபடத்தைக் காட்டினார். பழைய ஊர் முழுக்க நீலக் கோடுகள். காலனிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

"தேர்தலுக்குத் தேர்தல் எல்லாரும் காலனிக்குக் குழாய் போடுறேன்னு சொல்றாங்க. போட்டுடலாம். குழாயை எவ்வளவு வேணும்னாலும் நீட்டலாம் மேடம், தண்ணியை நீட்ட முடியாது. இப்ப இருக்கிற கிணறு பழைய ஊருக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் காணுது."

"புதுக் கிணறு தோண்டக் கூடாதா?"

"ஆத்துக்கு அக்கரையில இடம் பார்த்தாச்சு, பணமும் ஒதுக்கியாச்சு. தோண்டி, குழாய் போட்டு, தொட்டி கட்டி முடிக்க ரெண்டு வருஷம் பிடிக்கும். அதுக்குள்ள காலனி இன்னொரு மடங்கு ஆயிடும். அப்புறம் அந்தக் கிணறும் பத்தாது. இன்னொண்ணு தோண்டுவோம். நாய் தன் வாலைத் துரத்துற கதைதான்."

"சாக்கடை?"

"காலனிக் குழாய் அந்தத் தெரு வழியாத்தான் போகணும், அதைப் போட்டுட்டுத்தான் சாக்கடையில கை வைக்கணும். முன்னாடி மூடினா தெருவை ரெண்டு தரம் வெட்டணும். இப்ப ஓடுற லாரியில முக்கால்வாசி காலனிக்கு மண்ணும் செங்கல்லும் ஏத்திப் போறதுதான். அதையும் சேர்த்துக்குங்க."

அவள் வரைபடத்தின் வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனித்தனி என்று அவள் நினைத்திருந்ததெல்லாம் ஒரே கயிற்றின் முடிச்சுகளாக இருந்தன.

"அப்போ கொஞ்ச காலத்துக்குப் புதுசா வீடு கட்ட அனுமதி கொடுக்காம நிறுத்தணும்."

இன்ஜினியரின் கை டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "நான் அதைச் சொல்லலையே மேடம்."

"நீங்க சொல்லல. நான்தான் சொல்றேன். நிறுத்த முடியுமா?"

"தண்ணி கொடுக்க வழியில்லைன்னா அனுமதி மறுக்கலாம்னு சபைக்கு அதிகாரம் இருக்கு. இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை." அவர் டப்பாவை மூடினார். "உங்க வீட்டுக்காரர் என்ன சொல்வார்?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கட்டட மேஸ்திரி. காலனியில் எழும்பிய மாடிகளில் பல அவர் கை பட்டவை. தங்கச்சி குடியிருக்கிற பிளாக்கும் அவர் கட்டியதுதான்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி வீட்டுப் பின்பக்கம் நின்று காலில் ஒட்டிய சிமென்ட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளியில் பாதித் தண்ணீரை வைத்துக்கொண்டு சிக்கனமாகக் கழுவினார்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள்.

"சொல்லு. நீ இப்படி மரியாதையா ஆரம்பிச்சாலே எனக்குப் பயமாயிருக்கு."

சொன்னாள். ஒரே மூச்சில், இன்ஜினியர் சொன்னதையும் தான் முடிவெடுத்ததையும். அவர் கையிலிருந்த குவளையை வாளிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் என்ன வேலை பார்க்கிறேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் வெளியில சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்றேன்."

"ஊரான் வீட்டுக் குழாயில தண்ணி வரணும்னு நம்ம வீட்டு அடுப்புல தண்ணியை ஊத்துறே."

"இப்பக் கட்டிக்கிட்டு இருக்கிறதை நிறுத்தப் போறதில்லைங்க. புதுசுக்கு மட்டும்தான்."

"புதுசு வராம பழசு எத்தனை நாளைக்குக் காணும்? என் ஒருத்தன் சோத்துல மண் விழுந்தா துடைச்சுட்டுச் சாப்பிடுவேன். என்கூட வர்றவங்க? சித்தாள், கொத்தனார், கம்பி கட்டுறவன், அவங்க வீட்டுல எல்லாம் என்ன சொல்வே?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் அவள் வாய் மூடாத வாய்.

"வேற ஊருல வேலையே இல்லையா என்ன?"

மேஸ்திரி வாளியை ஓரமாகத் தள்ளினார். "கடைசியில என்னை ஊரை விட்டுப் போகச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தியா?" என்றார். காலில் மீதியிருந்த சிமென்ட்டோடு உள்ளே போய்விட்டார். பேச்சு அதோடு நின்றது. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், சாவியைக் கேட்டால் எடுத்துக் கொடுத்தார். வார்த்தை மட்டும் வரவில்லை. சண்டை போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள். இந்த மௌனத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வார இறுதியில் பள்ளிக்கூடக் கூடத்தில் வேட்பாளர்களை ஒன்றாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் நடந்தது. தலைமையாசிரியைதான் நடத்தினார். பழைய ஊர்க்காரர்கள் ஒரு பக்கமும் காலனிக்காரர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பிரித்து உட்கார வைக்கவில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது. தங்கச்சி மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆளுக்கு ஒரே ஒரு முதல் வேலை சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை. "ஒண்ணுன்னா ஒண்ணு."

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. எல்லாத் தலையும் கிளச்சக்கா பக்கம் திரும்பியது.

இப்போதைய தலைவர் முதலில் எழுந்தார். தண்ணீர், சாலை, விளக்கு, சாக்கடை எல்லாவற்றையும் சேர்த்து 'முழு வளர்ச்சி' என்று ஒரே பேராக்கி, அதுதான் என் ஒரே முதல் வேலை என்றார். கை தட்டினார்கள். அடுத்தது செங்கல் சூளைக்காரர். ஊரின் நுழைவில் பெரிய அலங்கார வளைவு கட்டுவேன், நெடுஞ்சாலையில் போகிறவன் கழுத்து சுளுக்கத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கும் தட்டினார்கள்.

அவள் எழுந்தாள். பழைய கார் மேட்டில் ஏறுகிற மாதிரி திணறித் திணறி ஆரம்பித்தாள்.

"நான் உங்க எல்லார்கிட்டயும் வேற வேற முதல் வேலை சொல்லியிருக்கேன். அது எல்லார் போன்லயும் இருக்கு. அதை அழிச்சுடுங்க. என் முதல் வேலை, புதுசா வீடு கட்ட அனுமதி கொடுக்கிறதை நிறுத்துறது. புதுக் கிணத்துல தண்ணி வர்ற வரைக்கும்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கூடம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தியது. மனை வாங்கிப் போட்டிருந்தவர் ஒருத்தர் நாற்காலிமேல் ஏறி நின்று, "வயித்தைக் கட்டி வாயைக் கட்டி வாங்கினது! நீங்க யாரு நிறுத்துறதுக்கு?" என்று கேட்டார். ஜவுளிக்கடைக்காரர் பின்வரிசையிலிருந்து, "அப்போ என் சாக்கடை?" என்று பரிதாபமாகக் கேட்டார். அவள் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னாள். கிணறு முதலில், காலனிக் குழாய் அடுத்து, அதற்கப்புறம்தான் சாக்கடை. மனைக்காரரிடம் மட்டும், "உங்களுக்குக் கஷ்டம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

தங்கச்சி எழுந்தாள். "கிணறு முடிய எத்தனை வருஷம்?"

"ரெண்டு. நல்லபடியா நடந்தா."

"அதுவரைக்கும் எனக்குத் தண்ணி லாரிதானா?"

"ஆமா."

தங்கச்சி உட்கார்ந்துவிட்டாள். கோபமா, வேறெதுவுமா என்று முகத்தில் தெரியவில்லை. அக்காவுக்கு இதுவரை அவள் முகம் படிக்க முடியாமல் போனதில்லை.

மறுநாளிலிருந்து ஒலிபெருக்கி வண்டிகளுக்குத் தீனி கிடைத்துவிட்டது. "ஊரை ரிவர்ஸ் கியர்ல ஓட்டப் பார்க்கிறாங்க, உஷார்!" என்று தெருத்தெருவாகக் கத்தினார்கள். காலனியில் மனை விற்கிறவர்கள் அவளிடம் கார் பழக வந்த தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். பாட நேரப் பலகையில் வெள்ளைக் கட்டங்கள் கூடிக்கொண்டே போயின. மனுவைத் திரும்பப் பெறும் நாளும் கடந்துவிட்டது. கடந்திராவிட்டால் பெற்றிருப்பாளோ என்னவோ, அவளுக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் 'நான் சொன்னது சரி' என்று தோன்றும். பல் தேய்ப்பதற்குள் 'பைத்தியக்காரி' என்று தோன்றும்.

விட்டுப் போகாத ஒரே ஆள் ஜவுளிக்கடைக்காரர். ஒருநாள் சாயங்காலம் அவரை ஓட்ட விட்டு பஸ் நிலையம் பக்கம் வந்தாள். அங்கே செங்கல் சூளைக்காரரின் பிரசாரக் கூட்டம். சாலையை அடைத்துக்கொண்டு ஜனம். கார் நடுவில் மாட்டிக்கொண்டது. மேடையாக நிறுத்தியிருந்த லாரியை நிமிர்ந்து பார்த்தவளுக்குத் திக்கென்றது. லாரிமேல் மைக்குக்குப் பக்கத்தில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தார்.

சூளைக்காரரிடம்தான் மேஸ்திரி காலம்காலமாகச் செங்கல் எடுப்பார். வேட்பாளரின் புருஷனே எதிர்த்துப் பேசினால் அதைவிட வேறென்ன வேண்டும்! சூளைக்காரர் அவர் தோளில் கை போட்டு, "சொந்த வீட்டுலயே எடுபடாத யோசனை இது! மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்.

காருக்குள் அவள் கண்ணாடியை ஏற்றப் போனாள். கை பாதியில் நின்றது.

"எனக்கு மேடையில பேசி வழக்கமில்ல" என்றார் மேஸ்திரி. "என் வீட்டுக்காரி சொன்னது எனக்குப் பிடிக்கல."

கூட்டம் விசில் அடித்தது.

"அவ ஜெயிச்சா எனக்கு வேலை போயிடும். அது நிச்சயம்."

இன்னும் பெரிய விசில்.

"எப்படி நிச்சயம்னு கேளுங்க. அவ ஒண்ணு சொன்னா செஞ்சுட்டுத்தான் மறுவேலை பார்ப்பா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அனுபவிச்சுக்கிட்டு இருக்கேன்."

சிரிப்பு எழுந்தது. சூளைக்காரரும் சேர்ந்து சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"இவங்க வளைவு கட்டினா அந்த வேலை எனக்கே வரும். எனக்கு லாபம்தான். ஆனா நான் கட்டின வீட்டுல குடிவந்தவங்க இப்ப என்னைத் தெருவுல பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. என் கொழுந்தியாளே திருப்பிக்கிறா. சுவர் சரியா கட்டினேன், தளம் ஒழுகல. குழாய் வச்சேன், அதுல தண்ணி வரல. அதை யார்கிட்ட கேப்பாங்க? என்கிட்டத்தான் கேக்குறாங்க. இன்னும் அந்த மாதிரி நாலு வீடு கட்டி..."

மைக் செத்தது. யாரோ ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள். மேஸ்திரியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அவரே உணர்ந்து, மைக்கைச் சூளைக்காரர் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு லாரியிலிருந்து இறங்கினார்.

"அம்மா, கூட்டம் விலகுது. போகட்டுமா?" என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். இரண்டு தரம் கேட்டார். அவள் காதில் விழவில்லை. அவராகவே கியரைப் போட்டு, எங்கும் இடிக்காமல், யாரும் திட்டாமல், கடைத்தெருவரை கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இறங்கிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது, ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று.

வீட்டில் மேஸ்திரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கேட்டேன்" என்றாள் அவள்.

"உனக்காகப் பேசினேன்னு நினைச்சுக்காதே. என் பேர் கெட்டுக்கிட்டு இருக்கு. அதுக்காகப் பேசினேன். நீ சொன்னது இப்பவும் எனக்குப் பிடிக்கல."

"தெரியும். அன்னிக்கு நான் வேற ஊருன்னு சொன்னது..."

"சாப்பாடு இருக்கா?" என்றார் அவர். அவள் எடுத்துவைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். அன்று அவள் பாதியில் எழுந்திருக்கவில்லை.

தேர்தலில் அவள் ஜெயித்தாள். மூச்சு விடுகிற இடைவெளியில்தான் ஜெயித்தாள். ஓட்டு எண்ணிக்கையில் தலைவரும் சூளைக்காரரும் ஒருத்தர் வாக்கை ஒருத்தர் தின்றுவிட்டார்கள். நடுவில் இவள் புகுந்து வந்துவிட்டாள். தங்கச்சி கூப்பிட்டுச் சொன்னாள்: "எங்க பிளாக்குல பாதிப் பேர் உனக்குப் போடல. தெரிஞ்சு வச்சுக்கோ."

"நீ?"

"கேக்குறா பாரு கேள்வி!" என்று போனை வைத்துவிட்டாள்.

தலைவர் நாற்காலி பெரியது, சுழல்வது. அதில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரையில் சரியாகப் பதியவில்லை. நின்றுகொண்டேதான் கோப்புகளைப் பார்த்தாள். முதல் சபைக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தாள். கூச்சலும் குழப்பமுமாக அது நிறைவேறியது. அன்று நாற்காலிமேல் ஏறி நின்று கத்திய மனைக்காரர் மனைவியோடு ஒருநாள் அறைக்கு வந்தார். இம்முறை கத்தவில்லை. வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள், மனையில் ஓர் அறையாவது போட்டுக்கொள்கிறோம் என்றார். அவள் முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாள் போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. ஒருத்தருக்குத் திறந்தால் ஊருக்கே திறக்க வேண்டும் என்று சட்டப்படி சரியாகத்தான் சொல்லியிருந்தாள். அன்று முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை.

கையிலிருந்த கட்டடங்கள் முடிந்ததும் மேஸ்திரி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். வாரக் கடைசியில் வருவார். கூடப் போக முடியாத சித்தாள் பெண்கள் சிலர் கிணறு தோண்டும் இடத்தில் மண் சுமந்தார்கள். அவள் அங்கே போகும்போது பேசுவார்கள், ஆனால் முன்பு போல 'அக்கா' என்று கூப்பிடுவதில்லை, 'தலைவரம்மா' என்றார்கள்.

அக்கரையில் கிணறு ஆழம் கண்டு மோட்டார் போட்டுப் பார்த்த அன்று அவள் காலையிலேயே போய்விட்டாள். இன்ஜினியர் விசையைத் தட்டினார். குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் குழம்பாகக் கொட்டியது.

"இப்படித்தான் வரும். தெளியட்டும், பொறுங்க" என்றார்.

பொறுப்பதா! குழாய்க்கும் மண்மேட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். போன் அடித்தது. மேஸ்திரி.

"தண்ணி வந்துச்சா?"

"வருது. கலங்கலா வருது."

"தெளியும். அடி மண்ணு நல்ல மண்ணு, போன வாரம் வந்தப்போ பார்த்தேன்." பின்னால் கலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. "அடுத்தது மேல்நிலைத் தொட்டி கட்டணும் இல்ல? அதுக்கு ஏலம் விடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். நானும் கேக்கலாம்னு இருக்கேன். ஊரோட வந்துடலாம்ல."

அவள் நடை நின்றது. அவர் திரும்பி வர வேண்டும் என்று அவளைவிட யார் ஆசைப்படுவார்கள்? ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நீங்க கேக்க முடியாதுங்க. தலைவர் புருஷன் நகரசபை வேலை எடுக்கக் கூடாது."

"அதுவும் போச்சா!" என்றார் மேஸ்திரி. சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. சிரிப்புதானா என்று கலவை இயந்திரத்தின் இரைச்சலில் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. "சரி, சனிக்கிழமை வர்றேன். கறி வாங்கி வை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"மேடம்!" என்று இன்ஜினியர் கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்க."

அவள் குழாயடிக்கு ஓடினாள். செம்மண் நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது. கையை நீட்டினாள். குளிர்ந்த தண்ணீர் முழங்கைவரை நனைத்தது. மண் சுமந்த பெண்களும் கூடையை இறக்கிவிட்டு வந்து ஆளுக்கொரு கை நீட்டினார்கள். காலனிக்குக் குழாய் பதிக்க இன்னும் மழைக்காலம் ஒன்று தாண்ட வேண்டும், தொட்டிக்கு ஏலம் விட வேண்டும், அதற்குள் எத்தனை பேர் வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவார்களோ. ஈரக் கையை உடையிலேயே துடைத்துக்கொண்டு, குழாய் போக வேண்டிய பாதையை ஒருதரம் நடந்து பார்த்துவிடலாம் என்று அவள் ஆற்றுப் பக்கம் கிளம்பினாள். இன்ஜினியர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.